குறுந்தட்டும் கூர்ஞ்செவியும்



சென்ற தை மாதத்தில் ஒரு நாள் மாலை, ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியரான என் நண்பர் ஒருவர் தம் இல்லத்திற்கு என்னை அழைத்திருந்தார். அழைத்தது விருந்துக்கு அன்று. அவர் புதிதாக வாங்கியிருந்த ஒரு பழைய கருவியைக் கேட்பதற்கு. குறுந்தட்டு எனப்படும் சிடியை இயக்கும் கருவி அது. இரண்டு தனிப் பெட்டிகளாக இருந்தது. ஒரு பெட்டி தட்டைச் சுழற்றி அதிலுள்ள எண்களைப் படிக்கும். மற்றொன்று அந்த எண்களை ஒலிக்குரிய மின்னோட்டமாக மாற்றும். இரண்டையும் சேர்த்துத் தூக்க வேண்டுமானால் இருவர் வேண்டும். அது புதியதாக விற்ற நாளில் அதன் விலை, நண்பரின் ஓராண்டுச் சம்பளத்தை விஞ்சியிருக்கும். அதன் அருகே, அதன் விலையில் ஐம்பதில் ஒரு பங்கும் பெறாத சிறிய கருவி ஒன்றும் இருந்தது. இரண்டும் ஒரே ஒலிபெருக்கிகளுடன் இணைக்கப்பட்டிருந்தன.

நண்பர் ஒரு வீணைக் கச்சேரித் தட்டை முதலில் சிறிய கருவியில் இட்டார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பின்னர் அதே பகுதியைப் பெரிய கருவியில் ஒலிக்கச் செய்தார். தம்பூராவின் நாதம் அறை முழுதும் பரவி நின்றது. வீணையின் தந்தியை விரல் மீட்டிய இடமும், அந்த மீட்டு மெல்ல மெல்லத் தேய்ந்து ஓயும் நேரமும் தனித்தனியே தெரிந்தன. மிருதங்கத்தின் தொப்பி நெஞ்சிலே பட்டது போல் இருந்தது. மீண்டும் சிறியதைக் கேட்டேன். தம்பூரா ஒதுங்கிச் சுவரோரம் போய் அமர்ந்துகொண்டதாகத் தோன்றியது. "ஐயமே இல்லை, பெரியதுதான்" என்று சற்றும் தயங்காமல் தீர்ப்புக் கூறினேன். நண்பர் மகிழ்ந்தார். மின்னணுப் பொறியியல் பயிலும் அவருடைய மகள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்று ஒரு வோல்ட் அளவியை எடுத்து வந்தாள். அந்தப் பெண் என்ன செய்தாள் என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன். அதை விளங்கிக்கொள்வதற்கு இந்தத் தட்டின் வரலாறு தெரிந்திருத்தல் வேண்டும்.

ஒலியைப் பிடித்து வைத்து மீண்டும் கேட்கும் வித்தையை 1877ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எடிசன் செய்து காட்டினார். ஓர் உருளையின்மீது சுற்றிய வெள்ளீயத் தகட்டில் ஊசி ஒன்று குரலின் அதிர்வுக்கு ஏற்பப் பள்ளம் பதித்தது. பத்தாண்டுகள் கழித்து, 1887இல், எமில் பெர்லினர் உருளையை விடுத்துத் தட்டையான வட்டைக் கைக்கொண்டார். அதுவே கிராமபோன். அந்தக் காலத்து இசைத்தட்டு அவலரக்கால் ஆனது. உலகெங்கும் பாடிய தட்டுகளுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டுச் சோட்டா நாகபுரிக் காடுகளிலும் அவற்றை அடுத்த பகுதிகளிலும் மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் தந்ததாகும். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பாட்டு பதிவாயிற்று. 1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஒலிக்கும் வினைல் தட்டை அளித்தது. பத்தாண்டுகளில் இருபுற ஒலியாகிய ஸ்டீரியோவும் அதில் ஏறியது.

எடிசனின் உருளை முதல் ஸ்டீரியோத் தட்டு வரையில் முறை ஒன்றேதான். காற்றின் அலை எப்படி நெளிகிறதோ அப்படியே தட்டின் பள்ளமும் நெளிய வேண்டும். ஊசி அந்த நெளிவைத் தடவிச் செல்ல வேண்டும். தடவும்போதே ஊசி பள்ளத்தைத் தேய்க்கிறது. தூசி விழுந்தால் அதுவும் பாட்டோடு சேர்ந்து பாடுகிறது. விரும்பிய பாட்டை அடிக்கடி கேட்டவர், அடிக்கடி கேட்டதாலேயே அதை இழந்தார். இது கொடுமைதான், ஆனால் நூறாண்டுகளாக எல்லோரும் அதைப் பொறுத்துக்கொண்டனர்.

இதற்கு மாற்று ஒரு பொறியாளரின் மனத்தில் 1937ஆம் ஆண்டிலேயே உதித்துவிட்டது. அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயர் அப்போது பாரிசில் தொலைபேசி ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். அலையை அலையாகவே அனுப்பினால் வழியில் சேரும் இரைச்சலை எவராலும் பிரிக்க முடியாது. மாறாக, அலையின் உயரத்தைக் குறித்த இடைவெளிகளில் அளந்து, அந்த அளவை எண்ணாக எழுதி அனுப்பினால், எண் சிதையாத வரையில் இரைச்சல் நம்மை ஒன்றும் செய்யாது என்று அவர் கண்டார். கருத்து சிறந்தது, ஆனால் அதை நிறைவேற்ற அந்நாளைய வெற்றிடக் குழாய்கள் போதவில்லை.

எத்தனை முறை அளக்க வேண்டும்? எந்த அலையையும் அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட தடவை அளந்தால் போதும், அலை முழுவதையும் திரும்பப் பெறலாம் என்பது நைக்குவிஸ்ட், ஷானன் போன்றோர் நிறுவிய தேற்றம். மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையில் கேட்கும். ஆகவே நொடிக்கு 40,000 அளவீடுகளுக்குச் சற்று மேல் வேண்டும். குறுந்தட்டில் அமைந்த எண் 44,100. இது என்ன கணக்கு என்று நீங்கள் வியக்கலாம். அக்காலத்தில் இத்தனை எண்களைச் சேமிக்கத் தொலைக்காட்சிப் படங்களைப் பதியும் நாடாவைத் தவிர வேறு எளிய வழி இல்லை. ஜப்பானிய, அமெரிக்கத் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 60 படப்பாதிகள். ஒவ்வொன்றிலும் பயன்படும் கோடுகள் 245. கோட்டுக்கு 3 அளவீடு. பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் நொடிக்கு 50 படப்பாதிகள். பயன்படும் கோடுகள் 294. கோட்டுக்கு அதே 3. பெருக்கிப் பாருங்கள், அதுவும் 44,100. இரண்டு உலகங்களின் நாடாக்களும் ஒரே எண்ணில் வந்து கைகோத்துக்கொண்டன.

இனித் தட்டுக்கு வருவோம். 1960இல் மைமன் என்பவர் முதல் லேசரை ஒளிரச் செய்தார். நெதர்லாந்து நாட்டின் ஐந்தோவன் நகரிலுள்ள பிலிப்ஸ் ஆய்வகத்தார், லேசர் ஒளியால் படிக்கும் படத்தட்டு ஒன்றை 1972இல் காட்டினர். கடைக்கு வந்தபோது அதை விரும்பி வாங்கியவர் மிகச் சிலரே. ஆனால் அதே ஒளியைக் கொண்டு ஒலியைப் படிக்கலாமே என்ற எண்ணம் அங்கே வளர்ந்து, 1979 மார்ச் 8ஆம் நாள் பத்திரிகையாளர் முன்னிலையில் 11.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு தட்டு பாடிக் காட்டியது.  உடனே பிலிப்ஸ் குழுவினர் ஜப்பானுக்குப் புறப்பட்டனர். சோனி நிறுவனம் கைகொடுத்தது. 1980இல் பொது இலக்கணம் உருவாயிற்று.

அந்த இலக்கணத்தை வகுப்பதில் இரண்டு சிறு பூசல்கள் நேர்ந்தன. ஒவ்வோர் அளவீட்டையும் 14 பிட்டுகளால் எழுதினால் போதும் என்பது பிலிப்ஸ் தரப்பு. 16 பிட்டு வேண்டும் என்பது சோனி தரப்பு. 14 என்றால் அலையின் உயரத்தை 16,384 படிகளில் அளக்கலாம். 16 என்றால் 65,536 படிகள். சோனி வென்றது. அடுத்தது தட்டின் விட்டம். அது 12 சென்டிமீட்டராக வளர்ந்து 74 நிமிட இசையைக் கொண்டது. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனி முழுதும் ஒரே தட்டில் அடங்க வேண்டும் என்று இசைப் பயிற்சி பெற்ற சோனித் தலைவர் ஓகா வற்புறுத்தினார் என்று ஒரு கதை எங்கும் வழங்குகிறது. அந்தக் குழுவில் அமர்ந்திருந்த டச்சுப் பொறியாளர் கீஸ் இம்மிங்க் வேறு காரணம் எழுதியிருக்கிறார்: 11.5 சென்டிமீட்டர் தட்டை அச்சிட பிலிப்சின் துணை நிறுவனம் முன்கூட்டியே ஆயத்தமாக இருந்ததாம். அளவு மாறினால் அந்த முந்துநிலை போய்விடும் அன்றோ? எனக்கு இம்மிங்க் சொல்வதே நம்பத் தக்கதாகப் படுகிறது. ஆனால் கதைதான் உலகை வென்றிருக்கிறது. பீத்தோவனோடு கடைக்கணக்குப் போட்டியிட முடியுமா?

தட்டின் நுட்பத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அதில் உள்ளிருந்து வெளியே செல்லும் ஒரே சுருள் பாதை. அதை விரித்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளும். பாதையின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரான், ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் ஏறத்தாழ 40 சுற்றுகள் அடங்கும். அந்தப் பாதையில் அரை மைக்ரான் அகலமுள்ள நுண்குழிகள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி அடிப்புறமிருந்து பாய்ந்து, குழியின் விளிம்பு வரும் இடத்தை 1 என்றும், விளிம்பற்ற இடத்தை 0 என்றும் படிக்கிறது. படிக்கும் வேகம் மாறாதிருக்க, தட்டு உட்சுற்றில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 500 தடவையும், வெளிச்சுற்றில் ஏறத்தாழ 200 தடவையும் சுழல்கிறது. குழியைத் தொடும் ஊசி இல்லை; ஆகவே தேய்மானமும் இல்லை.

ஆனால் கீறல் விழுந்தால்? இங்கேதான் கணிதம் வந்து துணை நிற்கிறது. 1960இல் ரீட், சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் வெளியிட்ட ஒரு குறியீட்டு முறை, சில எண்கள் காணாமற்போனாலும் மிகுந்தவற்றைக் கொண்டு அவற்றைக் கணக்கிட்டு மீட்க வழி சொன்னது. அடுத்தடுத்த இசைத்துளிகளின் எண்களைத் தட்டில் அடுத்தடுத்து எழுதாமல் எட்ட எட்டச் சிதறி எழுதுகிறார்கள். எனவே கீறல் ஓரிடத்தை அழித்தாலும், அந்த இழப்பு ஒவ்வொரு துளிக்கும் சிறு பங்காகப் பிரிந்துவிடுகிறது. பாதையில் 2.5 மில்லிமீட்டர் வரையில் தொடர்ச்சியாக அழிந்தாலும் மூல எண்களை ஒன்றும் குறையாமல் மீட்க இயலும். அதற்கு மேல் போனால், கருவி அண்டை எண்களைப் பார்த்து ஊகம் செய்யும். அதுவும் முடியாதபோது வாய் மூடிக்கொள்ளும்.

1982 ஆகஸ்டு 17இல் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்கு அருகே ஆலையில் முதல் தட்டுகள் அச்சாயின. அக்டோபர் 1இல் ஜப்பானில் சோனியின் முதற் கருவி 168,000 யென் விலைக்கு வந்தது. அடுத்த ஆண்டு பிலிப்சின் கருவி ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. குற்றமற்ற ஒலி, என்றென்றும் அழியாத ஒலி என்று விளம்பரங்கள் முழங்கின.

கருத்தூன்றிக் கேட்பவர்கள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வயலின் கண்ணாடியைக் கீறுவது போல் இருக்கிறது என்றனர் சிலர். உயிரில்லை என்றனர் வேறு சிலர். புதுமையைக் கண்ட வெறுப்பு என்று அதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் எல்லாமே வெறுப்பு அன்று. வினைல் தட்டை வெட்டுவதற்காகச் சீர்செய்து வைத்திருந்த பழைய நாடாக்களைச் சில நிறுவனங்கள் அப்படியே குறுந்தட்டில் ஏற்றின. ஊசிக்கென்று சேர்த்த காரம் லேசருக்கு மிகையாயிற்று. கருவிகளிலும் கோளாறு உண்டு. எண்களை அலையாக மாற்றும்போது, உண்மை அலையோடு ஒரு நிழல் அலையும் பிறக்கும். 20,000 அதிர்வு வரையில் இசையை விட்டுவிட்டு, 24,100இல் தொடங்கும் நிழலைத் தடுக்க வேண்டும். இடைவெளியோ மிகக் குறுகியது. சோனியார் செங்குத்தான சுவர் போன்ற வடிகட்டியைக் கட்டினர். அத்தகைய வடிகட்டி, தான் விட்டுவைக்கும் உயர் ஒலிகளையும் சற்றே முன்பின்னாக நகர்த்திவிடும். அன்றியும், அவர்களுடைய முதற் கருவியில் எண்களை மாற்றும் சில்லு ஒன்றே. அது இடச் செவிக்கும் வலச் செவிக்கும் மாறி மாறி உழைத்தது. ஆகவே ஒரு செவிக்குரிய ஒலி மற்றதைவிட நொடியில் பத்து இலட்சத்தில் 11 பங்கு பிந்தியது. எவருக்கும் அது கேட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை. குறை சொல்ல விரும்பியவர்களுக்கு ஒரு பிடி கிடைத்தது.

பிலிப்சார் கையில் இருந்ததோ, தோற்றுப்போன வாதத்திற்காகச் செய்த 14 பிட்டுச் சில்லு. ஏழையின் சிக்கனம் சில வேளைகளில் செல்வனுக்குத் தோன்றாத வழியைக் காட்டும். அவர்கள் எண்களைக் கணித முறையில் நான்கு மடங்காகப் பெருக்கி, நொடிக்கு 176,400 ஆக்கினர். நிழல் அலை எங்கோ மேலே போய்விட்டது. மென்மையான வடிகட்டியே போதுமாயிற்று. சுருக்கலில் நேரும் பிழையையும் செவிக்கு எட்டாத உயரத்திற்குத் தள்ளி, 14 பிட்டுச் சில்லிலிருந்து ஏறத்தாழ 16 பிட்டின் பயனைப் பெற்றனர். பின்னர் உலகம் முழுவதும் இவர்கள் வழியே சென்றது. சோனியாரும் சென்றனர்.

இந்த அதிருப்தியிலிருந்துதான் உயர்விலைக் கருவிகள் பிறந்தன. இங்கிலாந்தின் மெரிடியன் நிறுவனம் 1980களின் நடுப்பகுதியில் பிலிப்சின் கருவியையே எடுத்துத் திருத்தி, கூர்ஞ்செவியாளருக்கு என்று விற்றது. ஜப்பானியர் சுழற்றும் பகுதியை ஒரு பெட்டியிலும், மாற்றும் பகுதியை மற்றொன்றிலும் வைத்தனர். அப்போது புதிய நோய் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. எண்கள் சரியாக வந்தாலும் அவை வரும் கணம் பிசகலாம். மிருதங்கக்காரர் சொல்லைத் தவறின்றி வாசித்தும் தாளத்தில் முன்பின்னாக விழுந்தால் எப்படியோ, அப்படி. பெட்டியை இரண்டாகப் பிரித்து நடுவில் கம்பி போட்டதனாலேயே இந்தப் பிசகு கூடலாம் என்று 1992இல் டன், ஹாக்ஸ்ஃபோர்டு என்ற இருவர் ஆய்ந்து காட்டினர். பெரும் பொருள் கொடுத்துப் பிரித்தவர்கள், மேலும் பொருள் கொடுத்துக் கடிகாரம் திருத்தினர்! ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் வினைல் சுழற்றியால் புகழ் பெற்றது. குறுந்தட்டை நெடுநாள் எதிர்த்தது. பிறகு 1990களின் இறுதியில் அதற்கே தலைசிறந்த கருவி ஒன்றைச் செய்து பெரும் பெயர் பெற்றது. 2009இல் குறுந்தட்டுக் கருவி செய்வதையே நிறுத்திக்கொண்டது.

இவ்வளவு உழைப்பும் செவிக்குத் தெரிகிறதா? அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தி 2007இல் வெளியிட்டனர். குறுந்தட்டைவிட நுண்மையான பதிவை ஒரு முறையும், அதையே குறுந்தட்டின் 16 பிட்டுக்குக் குறுக்கி ஒரு முறையும் ஒலிக்கச் செய்து, எது எது என்று கேட்டனர். 554 தடவை கேட்டதில் 276 தடவை சரியான விடை வந்தது. நாணயத்தைச் சுண்டினாலும் இதே அளவுதான் வரும். ஆயினும் வழக்கு அத்துடன் முடியவில்லை. 2016இல் ஜோஷுவா ரைஸ் என்பவர் பல சோதனைகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டு, நூற்றுக்கு 52 அளவில் சரியான விடை வருகிறது, பயிற்சி பெற்றவர்களிடம் அது மேலும் கூடுகிறது என்று காட்டினார். வேறுபாடு இருந்தாலும், அது சுவரோரம் ஒதுங்கும் தம்பூரா அளவுக்கு இல்லை என்பது தெளிவு.

இப்போது நண்பரின் மகளிடம் திரும்புவோம். அவள் சோதனை ஒலி பதிந்த தட்டு ஒன்றை இரு கருவிகளிலும் இட்டு மின்னழுத்தம் அளந்தாள். சிறியது 2 வோல்ட் காட்டியது, பெரியது 2.4. ஏறத்தாழ 1.6 டெசிபெல் வேறுபாடு. இவ்வளவு சிறு வேறுபாட்டை "உரத்து ஒலிக்கிறது" என்று செவி உணராது. "தெளிவாக இருக்கிறது, நிறைவாக இருக்கிறது" என்றே உணரும். பெரிய கருவியில் ஒலியளவைக் குறைக்கும் வசதி இருந்தது. இரண்டையும் சமமாக்கினாள். வீணைத் தட்டில் நண்பரிடம் இரண்டு படிகள் இருந்தன. எங்கள் முதுகுப்புறம் நின்று, ஒவ்வொரு தடவையும் நாணயம் சுண்டி, விழுந்தபடி ஒன்றை ஒலிக்கச் செய்தாள். பதினாறு தடவை. தற்செயல் என்று சொல்ல முடியாதபடி இருக்க வேண்டுமானால் பன்னிரண்டாவது சரியாக வர வேண்டும் என்று முன்பே கணக்கிட்டுச் சொல்லியிருந்தாள்.

நான் ஒன்பது. நண்பர் பத்து.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. சற்று முன் அத்தனை உறுதியோடு தீர்ப்புச் சொன்ன எனக்கு முகம் வெளிறியிருக்க வேண்டும். நான் பொய் சொல்லவில்லை. தம்பூரா ஒதுங்கியதை மெய்யாகவே கேட்டேன். அதைக் கேட்கச் செய்தது 0.4 வோல்ட்டும், பெட்டியின் பருமனும், நண்பர் முகத்திலிருந்த ஆவலும் என்று இப்போது எண்ணுகிறேன். அந்தப் பெண் எங்களை எள்ளி நகையாடவில்லை. "உங்கள் செவி பழுது என்று இதற்குப் பொருள் இல்லை, மாமா, இந்தத் தட்டில், இந்த அறையில், இன்று பிரித்தறிய முடியவில்லை, அவ்வளவுதான்" என்றாள்.

நண்பர் பெரிய கருவியை விற்றுவிடுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து சென்று அலமாரியிலிருந்து வேறொரு தட்டை எடுத்து வந்தார். நாகசுரக் கச்சேரி, பல வீடுகளில் இரவல் சுற்றி, அடிப்புறம் முழுதும் கீறல் விழுந்தது. சிறிய கருவியில் இட்டார். ஆலாபனை நடுவே திக்கியது, நின்றது, தாவியது. பெரிய கருவியில் இட்டார். அதன் கனத்த தட்டு மேடையும் லேசர்க் கண்ணும் அந்தக் கீறல்களின் மேல் தடுமாறாமல் சென்றன. இந்தத் தடவை நாணயம் சுண்ட வேண்டியிருக்கவில்லை. நாகசுரம் ஒரு மூச்சும் குறையாமல் மேலே ஏறி, தவில் வந்து சேர்ந்துகொண்டது. மூவரும் உட்கார்ந்து கடைசி வரையில் கேட்டோம்.